வாங்குன அளவுக்கு

நாந்தான் புடுங்குனேன். பீஸ் கட்டை தானா கழண்டுனு வுழுந்துச்சுன்னு நெனச்சியா? அங்கியே நில்லு உதயா. உள்ள வராத, இப்பதான் தரை தொடச்சேன்.

இன்னாத்துக்குக் கத்தற? படம் எறங்கி முடிஞ்சிதுன்னு மத்தியானமே உன் வாயால சொன்ன. அப்பால எதுக்கு அந்தக் கம்ப்யூட்டர் பொட்டி ஓடினே கீது? ஸ்கிரீன அணைச்சிட்டியா? பெரிய மனசுதான். பொட்டி இன்னா காத்தக் குடிச்சா ஓடுது? செவுத்துக்கு இந்தாண்டதான் நா படுக்கறேன், அதோட காத்தாடி சத்தம் தலைமாட்டுலயே கேக்குது.

கொழுந்தன் வேற, அண்ணி வேறன்னு வூட்ட ரெண்டாப் பிரிச்சீங்களே, மீட்டரப் பிரிச்சீங்களா? அது இன்னும் உங்கண்ணன் துளசிங்கம் பேர்லதான் ஓடுது. அவரு போனதுக்கப்பால கட்றது நானு. உன் வூட்டு வொயரும் அதுலேர்ந்துதான் போவுது. நானும் எம்பொண்ணு ஆர்த்தியும் இந்தப் புழுக்கத்துல பில்லுக்குப் பயந்து பேன நிறுத்திட்டு வாசப்படில கெடக்கறோம். நீ ஊரு ஒலகத்துக்கெல்லாம் படம் வாரி வுடற.

இரு. நீ அப்ப சொன்னதெல்லாம் என் மண்டைல ஏறிச்சு. நெட்டுல யாரோ நாலு பேரு அவங்க பொட்டிலேர்ந்து குடுத்துதான் உனக்குப் படம் கெடச்சிது. நீ எடுத்துனு டக்குனு மூடினு போய்ட்டா அசிங்கம். ரத்தம் உறியற அட்டைன்னு வெய்வாங்க. வாங்குன அளவுக்காவது அடுத்தவங்களுக்குத் திருப்பிக் குடுத்துட்டுதான் அணைக்கணும். அதான மரியாத? நா கொற சொல்லல. ஆனா அந்த அளவு போனதும் தானா நின்னுபோற மாதிரி வெக்கலாமாமே. மரியாதையும் கெடாது, கரண்டும் மிச்சமாவும், ஆர்த்தி சொல்றா. அதக்கூட நீ செய்யல. அடுத்தவ கரண்டுல விடிய விடிய ஓட வுட்டு நல்ல பேரு வாங்கற.

யாரு அவங்கல்லாம்? பேரு தெரியுமா, மூஞ்சி தெரியுமா? எந்த நாட்டுல எவனுக்கோ படம் பாதில நிக்குதுன்னு உனக்கு வயிறு எரியுது.

ஆர்த்திக்கு இன்னா தெரியும்னா கேக்கற? வாய அடக்கிப் பேசு. அவளாலதான் நா இன்னும் நடமாடினுகீறேன். பொன்னேரி காலேஜ வுட்டுட்டு கம்பெனி வேன்ல ஏறி வேலைக்குப் போறா. நா கூடைல அடுத்தவங்க மீன வாங்கினு போயி விக்கறேன். பக்கத்து வூட்டுல கீற உனக்கு இது ஒண்ணும் தெரியாது, இல்ல?

பீஸ் கட்டையத் தரமாட்டேன். லைன்மேனக் கூப்புடு, ஊரக் கூப்புடு. தனி மீட்டரு போட்டுக்க.

அண்ணின்னு கூப்புடாத. ஊர்க்கூட்டத்துல அன்னிக்கு அந்த வார்த்தை உன் வாய்ல வர்லியே. ஏரில வலை கட்ட ஒவ்வொரு வூட்டுக்கும் முறை வருது. உங்க நைனா போனப்ப அண்ணனுக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணுன்னு வந்துச்சு. உங்கண்ணன் காரியம் முடிஞ்சி தலைல கட்டுன துண்டு காயல, பொம்பள வூட்டுக்கு எதுக்கு முறை, என் பேருக்கு மாத்துங்கன்னு எழுந்து கேட்டது யாரு? ஆளு வெச்சிக் கட்றேன்னு நா கெஞ்சுனேன், ஊரு கேக்கல. நீ போன நோண்டினு இருந்த. படம் எறங்கினு இருந்துச்சோ இன்னாவோ.

போ, போயி குளி. மேலெல்லாம் சேறு. இன்னிக்கு எறாலு நல்லா வுழுந்துச்சாமே, என்னோட மீன் விக்கற பச்சையம்மா சொன்னா. இன்னிக்கு எங்க முறை உதயா. நீ கட்டுன வலைகூட அவருதுதான்.