பதினோராவது கிணறு

— அப்போ தினம் காலையில அந்தம்மா ஃபோன் பண்றது உங்களுக்குத்தானா?

— ஒரு நிமிஷம் மேடம், இந்தப் பார்சலை அனுப்பிட்டு வந்துடறேன். ஐயா, உள்ள என்ன? குக்கர் மூடியா? மூடி மட்டுமா? ஓ, குக்கர் பையன்கிட்ட இருக்கா! சரிதான், மறந்துட்டுப் போறது அவங்க வேலை, அனுப்பறது நம்ம வேலை. எண்ணூத்தி நாப்பது கிராம். இங்க ஒரு கையெழுத்து. போயிட்டு வாங்க. ம், இப்போ சொல்லுங்க மேடம்.

— கேட்டதையே திருப்பிக் கேக்கிறேன். கிணத்துத் தண்ணித் திட்டம் முடிஞ்சு பதினாலு மாசம் ஆச்சு. உங்க ஆபீஸ் இருந்த இடத்துல இப்போ பல் டாக்டர் உக்காந்திருக்காரு. ஆனா பதினோராவது கிணத்து அக்கா மட்டும் இன்னும் தினம் தண்ணியை மீட்டர்ல பார்த்து ஆபீசுக்குச் சொல்றாங்கன்னு கேள்விப்பட்டேன். எந்த ஆபீசுக்கு?

— எனக்குத்தான்.

— இந்தக் கூரியர் கடைக்கா?

— தப்பா எடுத்துக்காதீங்க மேடம். ஆபீஸ் ஃபோன் அப்பப்போ செத்துப் போகும்னு என் செல் நம்பரைத்தான் பதினொரு கிணத்துக்கும் குடுத்திருந்தாங்க. ஆபீசை மூடினாங்க, செல் என்கிட்டயே இருந்துடுச்சு. மத்த பத்துப் பேரும் ஒரே மாசத்துல விட்டுட்டாங்க. இவங்க விடல.

— ஆபீஸ் இல்லன்னு நீங்க சொல்லலையா?

— மூடின மறுநாளே சொல்லிடலாம்னுதான் ஃபோனை எடுத்தேன். அவங்க முந்திக்கிட்டாங்க. "தம்பி, நாப்பத்தொண்ணு. மத்தவங்கல்லாம் சோம்பேறிங்க, நான் ஒரு நாள் கூட விட மாட்டேன், பார்த்துக்கோ"ன்னாங்க. அப்புறம் எந்த வாயால சொல்றது? "எழுதிக்கிட்டேன்க்கா"ன்னு சொல்லி வச்சுட்டேன். ரெண்டாம் நாளும் அதேதான். ஒரு வாரம் போனதும் சொல்றதுக்கே வெக்கமாயிடுச்சு.

— பதினாலு மாசம் வெக்கப்பட்டிருக்கீங்க.

— கிண்டல் பண்ணாதீங்க மேடம். உண்மையைச் சொல்லட்டுமா? இங்க வர்றவன் போறவன் எல்லாம் என்னை "யோவ் பார்சல்"னு கூப்பிடறான். அந்த ஒரு ஃபோன்லதான் நான் இன்னும் ஆபீஸ். எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. அவ்வளவுதான்.

— சரி, ஒண்ணொண்ணா வருவோம். எழுதிக்கிட்டேன்னு சொன்னீங்களே, எழுதினீங்களா?

— என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க! முதல்ல பில் பின்னாடி எழுதுவேன், சாயங்காலம் வீட்டுக்குப் போய் நோட்டுல ஏத்திடுவேன். ஒரு நாள் விட்டதில்ல. எனக்கு அம்மை போட்டப்போ கூட என் பொண்டாட்டி காதுல ஃபோனை வச்சுக்கிட்டு எழுதினா. நோட்டு இங்கதான் இருக்கு, நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும் எடுத்துட்டு வந்தேன். டேப்புக்கு அடியில பாருங்க.

— இதா? தேதி, நேரம், அளவு. பரவாயில்லையே, கையெழுத்து முத்து முத்தா இருக்கு.

— என் வேலையே அதுதானே. எழுதறது.

— இதோட மதிப்பு உங்களுக்குத் தெரியாது. இது வரைக்கும் முப்பத்தொரு திட்டம் பார்த்துட்டேன். ஏரி, காடு, குப்பை, காத்து, எல்லாம். நடுவுல ஒரு தடவை, முடிஞ்சப்புறம் ஒரு தடவை போய்ப் பார்க்கறதுதான் என் வேலை. சொன்னதைச் செஞ்சாங்களா, செஞ்சது நிலைச்சு நிக்குதா, அடுத்தவன் இதுல என்ன கத்துக்கலாம். இந்த நிலைச்சு நிக்குதாங்கற இடத்துலதான் எல்லாமே குப்புற விழும். கதவைப் பூட்டின அன்னிக்கே மீட்டரையும் பூட்டிடுவாங்க. முடிஞ்சு பதினாலு மாசம் கழிச்சு, ஒரு பைசா வாங்காம, ஒரு நாள் விடாம ஒரு கணக்கு ஓடிக்கிட்டிருக்குன்னா, மதிப்பு போடற ஆறு படியில நான் உச்சி, ஆறாவது படி போடுவேன். இது வரைக்கும் யாருக்கும் போட்டதில்ல.

— போடுங்க மேடம், சந்தோஷம். ஆனா ஒரே ஒரு உதவி. மதியம் நீங்க அந்த ஊருக்குப் போறப்போ, ஆபீஸ் இல்லன்னு அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.

— அது எப்படி முடியும்? என் அறிக்கையில வரப் போகுதே.

— அறிக்கையை அவங்க எங்க படிக்கப் போறாங்க? யாருதான் படிக்கிறா? தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களே யோசிங்க, தெரிஞ்சா நிறுத்திடுவாங்க. நிறுத்திட்டா உங்க ஆறாவது படி என்ன ஆகும்?

— அடேயப்பா, எனக்கே வலை விரிக்கிறீங்க.

— இல்ல மேடம், கெஞ்சறேன். பதினாலு மாசமா ஒருத்தன் தன்னை முட்டாளாக்கியிருக்கான்னு அவங்க நினைச்சுட்டா நான் செத்தேன். அம்மா, கவர்தானே? பின்கோடு எழுதலையே, எழுதிக் குடுங்க. பேனா அந்தக் கயித்துல கட்டியிருக்கு.

— நோட்டுல இந்தப் பக்கம் வாங்க. ஆரம்பத்துல நாப்பத்தொண்ணு, முப்பத்தொம்போது, நாப்பது. நல்லாத்தான் போயிருக்கு. இங்கேர்ந்து ஏறுது. நாப்பத்தாறு. நாப்பத்தொம்போது. இது என்ன, அம்பத்தி மூணா?

— ஆமா, அம்பத்தி மூணு.

— அதுக்கப்புறம் எல்லாப் பக்கமும் அம்பதுக்கு மேலயே இருக்கு. நேத்து அறுபத்தி ரெண்டு.

— மழைக்கு அப்புறம் ஏறினது, இறங்கவே இல்ல. கிணத்துக்குப் பக்கத்து மாட்டுப் பண்ணையில கழிவுக் குழிக்கு அடியில நாம விரிச்ச ஷீட் கிழிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். குழியிலேர்ந்து அப்படியே கிணத்துக்கு இறங்கும்.

— மீட்டர் காட்டற நைட்ரேட்டுக்கு வரம்பு எவ்வளவு?

— அம்பது. பயிற்சியில தலையில அடிச்சு அடிச்சுச் சொல்லிக் குடுத்தாங்களே. கண்ணுக்குத் தெரியாது, நாத்தமும் வராது. பெரியவங்களை அவ்வளவு சீக்கிரம் ஒண்ணும் பண்ணாது, புட்டிப்பால் குடிக்கிற பச்சைக் குழந்தைக்குத்தான் ஆகாது.

— இவ்வளவு தெரிஞ்சிருக்கே. வரம்பு தாண்டினப்போ நீங்க என்ன செஞ்சீங்க?

— எழுதினேன்.

— அதுக்கப்புறம்?

— அப்புறம்னா? என் வேலை எழுதறது மேடம். அதைப் பார்க்கறது ஆய்வாளர் வேலை. நான் எழுதி அவர் மேஜையில வைப்பேன், அவர் பார்த்துச் சொல்லுவாரு. அவர்தான் வேற திட்டத்துக்குப் போயிட்டாரே.

— ஆக, வைக்கறதுக்கு மேஜை இல்ல.

— வீட்ல அலமாரியில வச்சேன்.

— சரி. எப்படியும் அந்தக்கா மீட்டரைப் பார்க்கிறாங்க. வரம்பு அவங்களுக்கும் தெரியும். குழாய்ப் பக்கத்துல ஒரு அட்டை தொங்குமே, ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சிவப்பு. அதைத் திருப்பியிருப்பாங்க. ஊர் வேற தண்ணி எடுத்திருக்கும்.

— திருப்பியிருப்பாங்கன்னுதான் நானும் நினைச்சுக்கிட்டிருக்கேன்.

— கேக்கலையா?

— அவங்க எங்க பேச விடறாங்க? வணக்கம் தம்பி, இத்தனை, வச்சுடறேன். அவ்வளவுதான் பேச்சு. எடுத்து முடிச்ச கையோட அடுத்த வேலைக்கு ஓடிடுவாங்க. இதோ ஃபோன் அடிக்குது, அவங்கதான்.

— ஸ்பீக்கர்ல போடுங்க.

— ஹலோ, சொல்லுங்கக்கா.

— வணக்கம் தம்பி. அறுபத்தி நாலு. வச்சுடறேன்.

— அக்கா, வைக்காதீங்க! இங்க ஒரு மேடம் உங்ககிட்டப் பேசணுமாம். திட்டத்தைப் பார்க்க வந்திருக்காங்க.

— பெரிய ஆபீசரா? அய்யய்யோ, இரு, கையைத் துடைச்சுக்கறேன். வணக்கம் மேடம். என்ன தப்பு நடந்துச்சு?

— ஒரு தப்பும் இல்லக்கா. ஒரு நாள் விடாம சொல்றீங்கன்னு கேள்விப்பட்டேன், ரொம்ப சந்தோஷம். ஒரே ஒரு கேள்வி. மீட்டர்ல அம்பதுக்கு மேல வந்தா குழாய் அட்டையை என்ன செய்வீங்க?

— நான் என்னத்தைச் செய்றது? அது ஆபீஸ் முடிவாச்சே.

— புரியல. கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

— மீட்டர் கூடும், குறையும் மேடம். இன்னிக்குக் கூடியிருக்குன்னு நானா சிவப்பைத் தொங்க விட்டா ஊர்ல என்னை உண்டு இல்லன்னு பண்ணிடுவாங்க. தானா எதுவும் செய்யக் கூடாதுன்னுதான் பயிற்சியிலயும் சொன்னாங்க. நான் அளவைச் சொல்லணும், ஆபீஸ்ல பார்த்துச் சொல்லணும். முன்னெல்லாம் தம்பி தினம் திருப்பிக் கூப்பிட்டுப் பச்சையா சிவப்பான்னு சொல்லும்.

— அப்புறம்?

— அப்புறம் ஒரு பேப்பர் வந்துச்சே. மோட்டார் ரூம் சுவத்துல ஒட்டி வச்சிருக்கேன், படிக்கிறேன் இருங்க. "அளவு வரம்பை மீறினால் மட்டும் அலுவலகம் திரும்ப அழைக்கும். அரை மணி நேரத்திற்குள் அழைப்பு வராவிட்டால் பச்சை என்று கொள்ளவும்." அதன்படிதான் மேடம் இன்னிக்கு வரைக்கும். அரை மணி உக்காந்திருப்பேன். ஃபோன் வராது. பச்சையைத் திருப்பி வச்சுட்டு வந்துடுவேன்.

— மேடம்... மேடம், அந்தப் பேப்பர்... எனக்கு மறந்தே போச்சு...

— தெரியும். நான் எழுதினது.

— நடுவுல ஒரு தடவை பார்க்க வந்தீங்களே, அப்போ நாங்கதான் புலம்பினோம். பதினொரு பேரையும் தினம் திருப்பிக் கூப்பிட்டுப் பச்சை, பச்சைன்னு சொல்லியே பாதி நாள் போயிடுதுன்னு. நீங்க வேலையைக் குறைச்சுக் குடுத்தீங்க. ஆபீசே உங்களைக் கொண்டாடுச்சு.

— ஏழாவது பரிந்துரை. மேலிடத்துல அதை எடுத்து இன்னும் நாலு திட்டத்துல போட்டாங்க. நல்ல பாடம்னு.

— ஹலோ? மேடம்? லைன்ல இருக்கீங்களா? நான் ஏதாவது மாத்திச் செஞ்சுட்டேனா?

— இல்லக்கா. நீங்க சொன்னபடிதான் செஞ்சிருக்கீங்க. கேளுங்க, இப்போவே போய் அட்டையைச் சிவப்புக்குத் திருப்புங்க. குடிக்க, சமைக்க அந்தத் தண்ணியை யாரும் எடுக்கக் கூடாது.

— சிவப்பா? சரி, திருப்பிடறேன். காய்ச்சிக் குடிக்கலாமா? நாங்க எப்பவும் காய்ச்சித்தான் குடிப்போம்.

— இது காய்ச்சினா போகாது. வத்த வத்த இன்னும் கூடத்தான் செய்யும்.

— அப்படியா? இதை யாரும் சொல்லலையே. தம்பி, நேத்து அறுபத்தி ரெண்டு சொன்னேன், நீ ஒண்ணும் சொல்லல. இன்னிக்கு மட்டும் என்ன ஆச்சு?

— மேடம், அதை நீங்களே...

— இல்ல. அவங்க உங்களைத்தான் கேக்கறாங்க.

— அக்கா, ஆபீஸ் இல்லக்கா.

— இல்லன்னா? லீவா?

— மூடிட்டாங்கக்கா. பதினாலு மாசம் ஆச்சு. எல்லாரும் போயிட்டாங்க. நான் ஒரு கூரியர் கடையில பார்சல் ஒட்டிக்கிட்டிருக்கேன். நீங்க சொன்னதெல்லாம் நோட்டுல எழுதி வச்சேன், யாரும் பார்க்கல. உங்ககிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரல. என்னை மன்னிச்சுடுங்கக்கா.

— கர்ரு கர்ருன்னு டேப் கிழிக்கிற சத்தம் கேக்கும். ஆபீஸ்ல ஃபைல் கட்டறாங்கன்னுல்ல நினைச்சேன்.

— திட்டுங்கக்கா. திட்டினா எனக்கு நல்லாருக்கும்.

— திட்டறது இருக்கட்டும். அம்பதைத் தாண்டி எத்தனை நாள் ஆச்சு? உன் நோட்டைப் பார்த்துச் சொல்லு.

— எண்பத்தாறு நாள்.

— எண்பத்தாறு.

— அக்கா, திட்டத்தைப் பார்க்க வந்தவ பேசறேன், நான் உங்க ஊருக்குக் கிளம்பி வரேன். வண்டியை வரச் சொல்லிட்டேன். நேர்ல உக்காந்து பேசலாம். என் தப்பும் இதுல இருக்கு, அதையும் சொல்றேன்.

— ஊருக்கு வராதீங்க மேடம். நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, குழந்தைங்க வார்டு. என் தங்கச்சிக்குப் பால் இல்ல, அவ பையனுக்குப் பிறந்ததுலேர்ந்து புட்டிப்பால்தான். ரெண்டு வாரமா உதடும் நகமும் நீலம் பூத்துக் கிடக்கான். ஆஸ்பத்திரித் தண்ணி சரியில்லன்னு, பால் பவுடர் கலக்க இங்கேர்ந்துதான் தினம் ஒரு கேன் போகுது. அந்த டாக்டர் முதல் நாளே குடிக்கிற தண்ணி எப்படின்னு கேட்டாரு. எங்க தண்ணியை ஆபீஸ்ல தினம் பார்க்கிறாங்க, பச்சைதான்னு நான்தான் அடிச்சுச் சொன்னேன்.