வரைபடத்தில் கரடி நின்ற இடம்

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் ஆகியவை மேலே எழுதியுள்ளபடி சரியே. வயது இருபத்தாறு. டயர் கடைக்கு மேலே உள்ள ஒற்றை அறையில் என் தாயாருடன் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். என் மீது கேளிக்கைப் பூங்கா நிர்வாகம் கொடுத்த புகாரும், ஒரு பார்வையாளர் கொடுத்த புகாரும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. கரடி உடையில் இருந்த கருவியைக் கழற்றியதால் மருத்துவ உதவி தாமதமானது என்பது முதல் புகார். கைப்பேசியை உடைத்தேன் என்பது இரண்டாவது. இரண்டையும் கேட்ட பிறகு, ஆய்வாளர் முன்னிலையில் என் மனமறிந்து இதைச் சொல்கிறேன்.

நான் மேற்படி பூங்காவில் கரடி வேடம் போடுபவருக்கு உதவியாளராக வேலை பார்க்கிறேன். எங்களுக்குள் இந்த வேலைக்குக் 'கைபிடி' என்று பெயர். உடைக்குள் இருப்பவருக்குக் கரடியின் வாயில் உள்ள வலை வழியாகத் தரை மட்டும்தான் தெரியும். அதனால் அவர் கையைப் பிடித்துக் கூட்டத்துக்குள் அழைத்துப் போவதும், பின்னால் இருந்து வாலை இழுப்பவர்களை விலக்குவதும், திரும்பக் கூட்டி வருவதும் என் பொறுப்பு. கரடி பேசக் கூடாது. யார் கண்ணெதிரிலும் தலையைக் கழற்றக் கூடாது. கழற்றினால் இரண்டு பேருக்கும் அன்றே வேலை போய்விடும். கரடிக்குள் இருந்தவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். கூடப் பிறந்தவர் அல்ல. நாற்பதைத் தாண்டியவர்.

பூங்காவுக்கு வருபவர்கள் வாசலிலேயே ஒரு செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொள்கிறார்கள். எந்த ராட்டினத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எந்தக் கழிவறை அருகில் இருக்கிறது, ஐஸ்கிரீம் தயாராகிவிட்டதா என்பதெல்லாம் அதில் வரும். அதில் யாருக்கும் கஷ்டமில்லை. ராட்டினத்துக்கு வலிக்காது. அதன் பிறகு, போன கோடையில், அதே வரைபடத்தில் கரடியையும் போட்டார்கள். தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைக் கரடியின் கழுத்துப் பட்டைக்குள் வைத்தார்கள். கரடி நடந்தால் படத்தில் ஒரு பழுப்புப் புள்ளி நடக்கும். கரடியைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்தால் செயலியில் ஒரு தேன்குடம் கிடைக்கும். தேன்குடம் சேர்ந்தால் வரிசையில் நிற்காமல் ராட்டினம் ஏறலாம். அதனால் கரடி என்றாலே முகம் சுளிக்கிறவர்கள்கூடக் கரடியைத் தேடி ஓடி வந்தார்கள். கட்டிப்பிடிக்கும்போது ஒருவரும் கரடியைப் பார்ப்பதில்லை. தேன்குடம் விழுந்ததா என்று கைப்பேசியைப் பார்ப்பார்கள். விழுந்ததும் கையை உதறிவிட்டு, கரடி உடையிலிருந்து கையில் பட்ட ஈரத்தைத் தங்கள் பிள்ளையின் சட்டையில் துடைத்துக்கொண்டு போவார்கள்.

அதற்கு முன்பெல்லாம் அரை மணி நேரம் வெளியே, அரை மணி நேரம் உள்ளே என்று முறை இருந்தது. அதன் பிறகு புள்ளி ஒரே இடத்தில் நின்றால் 'கரடி தூங்குகிறது' என்று செயலியில் வரத் தொடங்கியது. உடனே பார்வையாளர்கள் புகார் எழுதுவார்கள். மேற்பார்வையாளர் வாக்கி-டாக்கியில் "கரடிய எழுப்பு" என்பார். அண்ணன் கழிவறைக்குப் போனால் புள்ளியும் கூடப் போகும். கதவுக்கு வெளியே குடும்பம் குடும்பமாக நிற்பார்கள். கதவின் கீழ் இடுக்கில் கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்த ஒரு பெரிய மனிதரை நானே பார்த்தேன். அவர் சட்டைப்பையில் இரண்டு பேனா இருந்தது. கழிவறைக்குப் போகும்போதாவது கருவியைக் கழற்றி வைக்கலாமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "கரடிக்கு ஏதும்மா பாத்ரூம்?" என்றார். இதை அவர் சிரிக்காமல் சொன்னார்.

அதன் பிறகு நான் பூங்காவில் குப்பை வண்டி தள்ளும் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர், "எங்கிட்ட குடுடி. நான் தள்ளுற வண்டி எங்கேயும் நிக்கிறதில்ல. உன் கரடி ஊரச் சுத்தட்டும், அந்த மனுஷன் கொஞ்சம் காலை நீட்டட்டும்" என்றார். அன்று முதல், அண்ணனைப் பொருள் கிடங்கில் அட்டை விரித்துப் படுக்க வைக்கும்போதெல்லாம் கருவி குப்பை வண்டியில் சுற்றியது. புள்ளி நகர்ந்துகொண்டே இருந்ததால் மேற்பார்வையாளருக்குச் சந்தேகம் வரவில்லை. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே ஓடி வந்த பலர் குப்பை வண்டியில் போய் இடித்துக்கொண்டு, மூக்கைப் பொத்தியபடி திரும்பிப் போவார்கள் என்று அக்கா சொல்வார். "எங் கல்யாணத்துக்குக்கூட இத்தனை பேர் என் பின்னாடி வரலடி" என்றும் சொல்வார். கருவியைக் கழற்றியது நான்தான். அக்கா நான் கேட்டதால் செய்தார். அண்ணன் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

சம்பவத்தன்று வெயில் கடுமையாக இருந்தது. கரடித் தலைக்குள் ஒரு சின்ன மின்விசிறி உண்டு. அதன் பேட்டரி செத்துப்போயிருந்தது. காலையிலேயே மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "நாளைக்குப் பாக்கலாம்" என்றார். அந்தத் தலைக்குள் ஈரம் எப்போதும் காய்வதில்லை. அண்ணனுக்கு முன் அதை மாட்டிய எல்லாருடைய வியர்வையும் எச்சிலும் பஞ்சில் ஊறிக் கிடக்கிறது. அதை மாட்டும் முன் அண்ணன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார், குளத்தில் முங்குகிறவரைப் போல.

மதியத்துக்கு மேல் கருவியை அக்காவிடம் கொடுத்துவிட்டு அண்ணனைக் கிடங்கில் படுக்க வைத்தேன். தலையில் தண்ணீர் ஊற்றினேன். அவர் கண்ணைத் திறக்காமல், "நல்லாருக்கு தங்கச்சி, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். அப்போது மேற்பார்வையாளர் வாக்கி-டாக்கியில் வந்து, நீரூற்றுக்குப் பக்கத்தில் ஒரு பிறந்தநாள் குடும்பம் செயலி வழியாகக் கரடியைப் பதிவு செய்திருப்பதாகவும், உடனே போகும்படியும் சொன்னார். அண்ணனுக்கு முடியவில்லை, கொஞ்சம் ஓய்வு வேண்டும் என்றேன். "இவ்ளோ நேரம் சுத்திக்கிட்டுதானே இருக்கான், நல்லா சூடாத்தான் இருப்பான், கூட்டிட்டுப் போ" என்றார். அக்கா அந்த நேரம் பின்வாசல் குப்பை முற்றத்தில் இருந்தார். அங்கே போய்க் கருவியை வாங்கி வர அவகாசம் இல்லாததால் கருவி இல்லாமலே அண்ணனை அழைத்துச் சென்றேன். இது நான் எடுத்த முடிவு.

நீரூற்றில் காகிதக் கிரீடம் வைத்த ஒரு சிறுமியும் அவள் தகப்பனாரும் உறவினர்களும் இருந்தார்கள். அந்தத் தகப்பனார்தான் இரண்டாவது புகாரைக் கொடுத்தவர். ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்தார்கள். அதன் பிறகு அண்ணன் என் விரல்களை இரண்டு முறை அழுத்தினார். போதும் என்பதற்கு எங்களுக்குள் அதுதான் அடையாளம். நான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி, "கரடிக்குத் தூக்கம் வருது, எல்லாரும் டாட்டா சொல்லுங்க" என்றேன். தகப்பனார் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே காட்டி, "இன்னும் டைம் ஓடுதும்மா. பாரு. முடியல" என்றார். அண்ணன் மறுபடி அழுத்தினார். அதன் பிறகு அவர் விரல்கள் தாமாகவே விட்டுப்போயின. மல்லாந்து விழுந்தார்.

கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். கரடி தூங்கிவிட்டது என்று யாரோ சொல்ல, இரண்டு மூன்று பேர் பக்கத்தில் படுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். தகப்பனார் கரடியின் வயிற்றில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்துகொண்டு மகளையும் கூப்பிட்டார். அந்தச் சிறுமி மட்டும் பின்னால் நகர்ந்து, "அப்பா, கரடி நாறுது" என்றாள். அவர், "இங்க பாரு, சிரி" என்றார். அப்போது கரடியின் வாய் வலை வழியாக வாந்தி வடிந்துகொண்டிருந்தது. அதையும் ஓர் அம்மாள் கைப்பேசியைக் கிட்டே கொண்டுபோய்ப் படம் எடுத்தார்.

நான் தலையைக் கழற்றினேன். அண்ணனின் உதடு கறுத்திருந்தது. மூக்கிலும் வாயிலும் இருந்ததை என் சட்டையால் துடைத்து ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். பின்னாலிருந்து ஒருவர், "ஏம்மா, குழந்தைங்க பாக்குறாங்க, அத மூடு" என்றார். ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள் என்று நான் கேட்டதற்கு ஓர் இளைஞர் செயலியில் இருந்த உதவிப் பொத்தானை அழுத்திவிட்டு என்னிடம் காட்டினார். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று இருந்தது. அதன் பிறகு நான் வாக்கி-டாக்கியில் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டேன். பேசியது பின்வருமாறு:

"நீரூற்றுகிட்ட கரடி அண்ணன் விழுந்துட்டார் சார், ஸ்ட்ரெச்சர் அனுப்புங்க."

"மேப்புல கரடி பின்வாசல்ல இருக்கே."

"மேப்ப விடுங்க சார், அது குப்பை வண்டியில இருக்கு. நான் அவர் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

"நீ எங்க இருக்கேன்னு மேப்புல வராதும்மா. கரடி எங்க இருக்குன்னு வருது. ஸ்ட்ரெச்சர அங்கதான் அனுப்பியிருக்கேன்."

நான் மறுபடி மறுபடி சொன்னேன். அப்போது அந்தத் தகப்பனார் என் தோளைத் தட்டி, "அந்தத் தலைய மட்டும் ஒரு நிமிஷம் திருப்பி வைங்க, பாப்பாவோட ஒரு போட்டோ பாக்கி, புக் பண்ணியிருக்கோம்" என்றார். நான் அவர் கையில் இருந்த கைப்பேசியைத் தட்டிவிட்டேன். அது நீரூற்றுக்குள் விழுந்தது. கை தவறிப் படவில்லை. வேண்டுமென்றேதான் தட்டிவிட்டேன். அவர் என்னை அடிக்கவில்லை. கால்சட்டையை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்.

பின்வாசலில் நடந்ததை அக்கா எனக்குப் பிறகு சொன்னார். ஸ்ட்ரெச்சர்காரர்கள் இருவர் வந்து கரடி எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் வாக்கி-டாக்கியில் நான் நீரூற்று என்று கத்தியது அக்காவுக்கும் கேட்டிருக்கிறது. அக்கா கருவியை எடுத்துக் காட்டி, "இதாய்யா உங்க கரடி. ஆளு நீரூற்றுல இருப்பாரு, போங்க" என்றிருக்கிறார். அவர்கள் கட்டுப்பாட்டு அறையைக் கேட்க, புள்ளி அங்கேதான் இருக்கிறது, நன்றாகத் தேடுங்கள் என்று பதில் வந்திருக்கிறது. குப்பைப் பைகளை அவிழ்த்துப் பார்த்திருக்கிறார்கள். இவர்களிடம் பேசிப் பயனில்லை என்று அக்கா கருவியை வண்டியில் போட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு நீரூற்றை நோக்கி ஓடியிருக்கிறார். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர், "கரடி ஓடுது, விடாதீங்க" என்றாராம். நான் பார்த்தபோது முதலில் குப்பை வண்டி வந்தது. அக்கா காலில் செருப்பு இல்லை. அதன் பின்னால் ஸ்ட்ரெச்சர் வந்தது. அதற்கும் பின்னால் கைப்பேசியை நீட்டிக்கொண்டு ஒரு கூட்டம் வந்தது.

கருவி கழுத்தில் இருந்திருந்தால் ஸ்ட்ரெச்சர் முன்னதாக வந்திருக்கும் என்று நிர்வாகம் சொல்வது உண்மை. அதை நினைத்து நான் தூங்கவில்லை. கருவி கழுத்திலேயே இருந்திருந்தால் அவர் எப்போதோ விழுந்திருப்பார் என்பதும் உண்மை. அதைப் புகாரில் எழுதவில்லை.

அண்ணன் மருத்துவமனையில் இருக்கிறார். வெப்பம் தாக்கிச் சிறுநீரகம் பழுதுபட்டிருப்பதாக மருத்துவர் சொன்னார். இதுவரை கண் விழிக்கவில்லை. அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவரும் அந்தச் செயலியை வைத்திருக்கிறார். வீட்டில் வேலை செய்துகொண்டே புள்ளியைப் பார்ப்பாராம். "அன்னைக்குக் கடைசியா ஏன் அவ்ளோ வேகமா ஓடினார்? பக்கத்து வீட்டம்மாகிட்ட காட்டி, பாருங்க, என் ஆளு இன்னும் வாலிபந்தான்னு சிரிச்சேனே" என்று என்னிடம் கேட்டார். 

இன்று காலை நான் மருத்துவமனையில் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது பூங்கா திறக்கும் நேரத்தில் அவர் கைப்பேசியில் புள்ளி மறுபடி வந்தது. நீரூற்றைச் சுற்றி நடந்தது. அண்ணி கட்டிலைப் பார்த்தார். கைப்பேசியைப் பார்த்தார். "இவர் இங்கதானே இருக்கார்?" என்றார். ஆமாம் என்றேன்.

பூங்காவில் கரடி உடை ஒன்றுதான் உண்டு. அந்தத் தலையைக் கழுவினார்களா என்று எனக்குத் தெரியாது. இப்போது உள்ளே இருப்பவர் யார் என்றும், அவர் கையைப் பிடித்திருப்பவர் யார் என்றும் தெரியாது. என் மீதான புகார்களை எப்போது வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். அதற்கு முன் யாராவது ஒரு காவலரை இப்போதே அங்கே அனுப்பி, மின்விசிறிக்குப் புது பேட்டரி போட்டிருக்கிறார்களா என்று தலையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். இன்றும் வெயில் கடுமையாக இருக்கிறது.

இவை நான் கண்டதும் செய்ததும் ஆகும். பின்வாசலில் நடந்தது மட்டும் அக்கா சொல்லிக் கேட்டது. யாருடைய தூண்டுதலும் இல்லை. எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டு, உண்மையென்று ஒப்புக்கொண்டு கீழே கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)