மேற்கு பார்த்த கேலரியும் வேம்புலி அண்ணனும்

கோடு கிழித்த கோமகனே! கோல்கம்பம் காத்த கொற்றவனே! ஆவடிப் பக்கத்து ஆலைக் குடியிருப்பின் கால்பந்தரங்கில் முப்பத்தோராண்டு முகம் சுளிக்காமல் (சுளித்த நாட்களைக் கழித்தும் பதினைந்து தேறும்) மைதானம் பேணி, இன்று ஓய்வு பெறும் வேம்புலி அண்ணன் அவர்களே, வணக்கம்!

ஏரிமண் கொட்டி எழுப்பிய எழிலரங்கம் நமது. பெரிய அதிகாரியின் கார் எங்கும் வளையாமல் கிழக்கு வாசலிலிருந்து நேரே வந்து நிற்கவேண்டும் என்பதற்காக, ஒரே கேலரியையும் கிழக்கே கட்டினார்கள். ஆட்டம் மாலையில் நடக்கும், சூரியன் மேற்கே இறங்கும் என்ற அரிய உண்மை பிறகுதான் கண்டறியப்பட்டது. தொப்பிபோல் நீண்ட கூரையோ, ஆளில்லாத உச்சிவேளைக்கு மட்டும் நிழல் தந்தது. திறப்புவிழாவன்று ஆயிரம் பேர் கண்கூசி நெற்றியில் கைவைக்க, தமக்கே சல்யூட் என்று எண்ணிய தலைமை விருந்தினர் இடைவேளைவரை பதில் சல்யூட்டிலேயே நின்றாராம். கல்வெட்டில் அது இல்லை.

"அண்ணாத்தே, பந்து எங்க கீது?" என்று கேலரி கத்தும்.

"லெஃப்ட்ல போய்க்கினு கீது, கம்முனு குந்து!" என்று கோட்டோரம் நின்று குரல் கொடுப்பீர்கள். ஆயிரம் பேர் கோல் பார்த்தது தங்கள் வாயால்தான்!

பிறகு ஆளைக் குறைத்தார்கள், அணியைக் கலைத்தார்கள். கடைசி ஆட்டம் முடிந்து ஆறாண்டு. பதினோரு பேர் இருந்த அரங்க அலுவலகத்தில் இருவர் மிஞ்சினோம். ஆனாலும் சனிக்கிழமைதோறும் சுண்ணாம்புக் கோடு தவறியதில்லை.

"யாருக்கு நைனா இந்தக் கோடு?" என்றார் ஒப்பந்தக் கூலிக்குப் பெருக்க வந்த தாயம்மாள்.

"டீமு வந்துட்டா இன்னா பண்றது? கோடு இல்லன்னா அவுட்டு, உள்ளன்னு அடிச்சிக்குவானுங்க."

இதனினும் சிறந்த கடமையுணர்வை யாம் அறியோம். இதனினும் தனித்த சனிக்கிழமையையும் அறியோம்.

நாளை முதல் தாங்கள் வானகரத்து மகன் வீட்டில், நாலாவது மாடியில். தாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: சனிக்கிழமை மட்டும் உள்ளே வந்து கோடு போட அனுமதி. மூன்று மனுவுக்குப் பின் ஆலை வாசல் காவல் பிரிவு ஒரு படிவம் தந்தது. 'யாரைக் காண வருகிறீர்?' என்ற கட்டத்தில் 'கிரவுண்டை' என்று எழுதினீர்கள். 'ஆள் பெயர் தேவை' என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது.

"உள்ள எனக்குன்னு யாரு கீறாங்க, பேரு எழுத?" என்று படிவத்தை மடித்துப் பையில் வைத்தீர்கள். பக்கத்து மேசைக்கு அது நன்றாகவே கேட்டது.

நோயண்டா உடலும் நொடியாத முழங்காலும் பெற்று நூறாண்டு வாழ்க! சனிக்கிழமை வாருங்கள். அந்தக் கட்டத்தில் கீழேயுள்ள பெயரை எழுதுங்கள், அண்ணே.

இங்ஙனம்,
அரங்கப் பணியாளர்கள் அனைவரும்:

க. வரலட்சுமி,
எழுத்தர்.