பதினேழும் பதினெட்டும்

– கையெழுத்து போட மாட்டோம் சார். நாப்பத்தோரு பேரும் போட மாட்டோம்.

– துர்கா, இது வெளாட்டு இல்ல. பத்தாவது பரீட்சைக்குப் பேரு, பொறந்த தேதியெல்லாம் சரியா இருக்குதான்னு பாத்து நீங்க கையெழுத்து போடற லிஸ்ட்டு. அஞ்சு மணிக்குள்ள திண்டிவனம் போய்ச் சேரணும். சேரலன்னா ஒருத்தருக்கும் பரீட்சை கெடையாது.

– நிரோஷா பேர திரும்ப எழுதுங்க. அடுத்த நிமிசம் போடறோம்.

– அவ பேர அடிச்சது நான் இல்லம்மா. அகதி முகாம் ஆபீசரு லெட்டர் அனுப்பியிருக்காரு. முகாம் ரெஜிஸ்டர்லேர்ந்து அவள எடுத்துட்டாங்க. அங்க பேரு இல்லன்னா திருட்டுத்தனமா நாட்டுக்குள்ள வந்தவன்னுதான் கணக்கு. எச்.எம். பயந்துக்கினு இங்கியும் அடிச்சிட்டாரு.

– ஒரு வயசுல அம்மா இடுப்புல ஒக்காந்துக்கினு கடல் தாண்டி போட்டுல வந்தவ சார் அவ. அவளா திருட்டுத்தனமா வந்தா? இதோ அவங்க அம்மாவையே கூட்டிக்கினு வந்திருக்கேன். கேளுங்க. உள்ள வாங்க அத்தே.

– வணக்கம் சேர். நான் புஷ்பராணி, நிரோஷான்ர அம்மா. அவ கேட்டுக்கு வெளியில நிக்கிறா. கூப்பிட்டனான், உள்ள வரமாட்டன் எண்டு அழுறா.

– ஒக்காருங்கம்மா. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்குங்க.

– இருக்கேலாது சேர். நிண்டு கொண்டே கதைக்கிறன். நீங்கள்தானே அந்த நேரம் முகாமுக்கு வந்து, பிள்ளையளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம வைக்கிறது குற்றம் எண்டு சொன்னீங்கள்? ஆறு வயசுப் பிள்ளையை உங்கட சைக்கிள்ல ஏத்திக்கொண்டு போனீங்கள். இப்ப ஆர் சேர் அவளை இறக்கி விடுறது?

– ஞாபகம் இருக்குதும்மா.

– வெளிச் சுவத்துல பெருசா எழுதி வெச்சிருக்கீங்களே சார், பதினாலு வயசு வரைக்கும் கட்டாயக் கல்வின்னு. அதெல்லாம் இன்னாத்துக்கு? அவளுக்குப் பதினஞ்சு ஆயிடுச்சு, அதனால புடிச்சி வெளிய தள்ளலாமா?

– கத்தாத துர்கா. பக்கத்துல ஒம்பதாவது நடக்குது.

– நாங்க பேசிக்கினு இருக்கோம், நீங்க பாட்டுக்கு குனிஞ்சிக்கினு எழுதிக்கினே இருக்கீங்க. எங்கள பாத்து பேசுங்க சார்.

– காது கேக்குது. நீ பேசு. நான் இத முடிக்கணும்.

– அவரை விடு பிள்ளை. சேர், உண்மையைச் சொல்லுங்கோ. ஏன் என்ர மகளின்ர பேரை வெட்டினவங்கள்?

– முகாம்ல மாசத்துக்கு ஒரு நாள் செக்கிங் வெக்கிறாங்களே, ஆளு நேர்ல வந்து நின்னு கையெழுத்து போடணும்னு?

– ஓம். காலமை எட்டு மணிக்கு வரிசையில நிண்டா, சில நேரம் பின்னேரமாகிடும். இப்ப வந்த ஆபீசர் புதன்கிழமையிலதான் வைப்பார்.

– ஜூலையிலேர்ந்து அக்டோபர் வரைக்கும் நாலு செக்கிங். நாலுலயும் நிரோஷா கையெழுத்து போட்டிருக்கா. ஆனா என் ரெஜிஸ்டர்ல அதே நாலு நாளும் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அவ இங்க இருந்திருக்கா. ஒரே ஆளு எப்படி ரெண்டு எடத்துல இருப்பா? இங்க இருந்தது நெசம்னா, அங்க வேற யாரோ நின்னு ஏமாத்தியிருக்காங்கன்னு பேர அடிச்சிட்டாரு.

– உங்க ரெஜிஸ்டர எதுக்கு சார் அவருகிட்ட குடுத்தீங்க?

– கேட்டாங்க, குடுத்தேன். இப்பிடி ஆவும்னு நான் கண்டனா? நாலு நாளா சரியா தூக்கமில்ல எனக்கு.

– சேர், என்ர பிள்ளை அந்த நாலு நாளும் எனக்குப் பக்கத்திலதான் நிண்டவ. கடவுள் சத்தியமா.

– சத்தியம் பண்ணாதீங்கம்மா.

– முகாம் அட்டையை வேணுமெண்டால் பாருங்கோ, படம் இருக்கு.

– இதுவா? இதுல இருக்கறது சின்னக் கொயந்தயாச்சேம்மா.

– ஏழு வயசில எடுத்த படம். அதுக்குப் பிறகு ஒருத்தரும் வந்து எடுக்கேல்லை. சேர், உங்கட புத்தகம் பிழை எண்டு ஒரு வரி எழுதித் தாங்கோ. அது காணும், வேற ஒண்டும் வேண்டாம். எங்களுக்குக் காணியும் இல்ல, ஊரும் இல்ல. அவளுக்கு இந்தப் பரீட்சை ஒண்டுதான் இருக்கு.

– இருபத்தொம்பது வருசம் சர்வீசும்மா. கோலியனூர்ல சேந்தேன். இன்னிக்கு வரைக்கும் என் ரெஜிஸ்டர்ல ஒரு அடித்தல் கெடையாது. லீவுல ஊருக்குப் போனாலும் மனசு அதுமேலயே இருக்கும். இந்தக் கையெழுத்துக்கு அவ்ளோ மரியாதை குடுத்துக்கினு வந்திருக்கேன்.

– அப்ப மாட்டீங்க. வாங்க அத்தே, போலாம். இவருக்குப் புள்ளைய விட நோட்டுதான் பெருசு.

– ஒக்காரு துர்கா. மாட்டேன்னு யாரு சொன்னா? எழுதி முடிச்சிட்டேன். என் ரெஜிஸ்டர் தப்புன்னுதான் எழுதியிருக்கேன்.

– சேர்! உங்களுக்கு ஒரு குறையும் வராது சேர்.

– வரும்மா. விழுப்புரத்துலேர்ந்து விசாரணைக்கு வருவாங்க. ரிட்டயர் ஆவ ஒன்னர வருசம் இருக்குது. கடைசியில வருகைப் பதிவே ஒழுங்கா போடத் தெரியாத வாத்தியார்னு பேரு வாங்கிக்கினு போவணும். பரவால்ல. அந்த ரப்பர் சீல எடு துர்கா.

– வேணாம் சார்.

– எது வேணாம்?

– அந்த லெட்டர குடுக்காதீங்க. உங்க ரெஜிஸ்டர் சரிதான்.

– பிள்ளை, வாயை மூடு!

– முடியாது அத்தே. இவரு வேலைக்கு ஆபத்து வரும்னு நான் நெனைக்கல. சார், நிரோஷா இங்கதான் இருந்தா. உங்க கணக்கு கிளாஸ்லதான் இருந்தா. முகாம் வரிசையில அவ அட்டைய வெச்சிக்கினு நின்னது நான்.

– நீயா?

– புதங்கிழமையில உங்க கணக்கு ரெண்டு பீரியட் வருது. சார் ஒரு கணக்க ரெண்டாவது வாட்டி நடத்த மாட்டாருன்னு அவ ஒரே அழுகை. நான் படிச்சாலும் முப்பத்தஞ்சு, படிக்காட்டியும் முப்பத்தஞ்சு. அவ நூறு வாங்குறவ. நான் போயி நிக்கிறேன்னு சொன்னேன். அவ கையெழுத்த ஒரு நோட்டு பூரா எழுதிப் பழகினேன். மொத நாள் வெயில்ல நின்னப்போ ஒரு போலீஸ்காரு என்னப் பாத்து, 'ஏய் அகதி, நேரா நில்லு'ன்னாரு. கோவமே வரல சார், நிரோஷா நெனப்புதான் வந்துச்சு. அவ பொறந்ததுலேர்ந்து இத கேட்டுக்கினு இருக்காளேன்னு.

– சேர், அவளை மன்னியுங்கோ. நான்தான் பெரியவள், நான் தடுத்திருக்க வேணும். என்னைப் பிடிச்சுக் குடுங்கோ. பிள்ளையளை விடுங்கோ.

– அழாதீங்கம்மா. துர்கா, அந்த லெட்டர எடு. சத்தமா வேணாம், ரெண்டு பேருக்கும் கேக்கற மாதிரி படி.

– 'பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் அடுத்தடுத்து உள்ள பதினேழு, பதினெட்டு ஆகிய எண்களுக்குரிய இரு மாணவிகளின் வருகையை, மேற்கண்ட நான்கு நாட்களிலும் என் கவனக்குறைவால் ஒருவருக்குப் பதில் மற்றவருக்கு மாற்றிப் பதிவு செய்துவிட்டேன் என்பதைப் பணிவுடன்...' சார். பதினெட்டு நிரோஷா. பதினேழு நான்.

– ஆமா. மணி நாலு ஆவப்போவுது, அவ பேர எழுதியாச்சு, எல்லாரையும் வந்து ஜல்தியா கையெழுத்து போடச் சொல்லு. கேட்டுல நிக்கறவளையும் கூட்டிக்கினு வா.

– நான் சொல்றதுக்கு முன்னாடியே எழுதிட்டீங்களே சார். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

– அந்த நாலு நாளும் ஒனக்கு ஆப்சென்ட் போட்டவன் நான்தானேம்மா.