ஓர் இருமல்கூட இல்லாத பதிவு

மாட்டுங்காவில் ஞாயிறு மதியம் ஒலிப்பதிவு வைக்கவே கூடாது. மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்வார்கள். ஏப்பம் விடுவார்கள், இருமுவார்கள், நாற்காலியை இழுப்பார்கள். ஆனால் அன்று வந்த நூற்றிருபது பேரும் தங்கமானவர்கள். ஓர் இருமல்கூட இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் சுடலைக்கண்ணன், தாராவியில் வீடு, பதினோரு வருடமாக ஒலிப்பதிவு வேலை. நகுலின் குழுவில் மூன்றே பேர். நகுல் சாக்ஸபோன், வந்தனா கீபோர்டு, பைசான் டிரம்ஸ். ஜாஸையும் ராகத்தையும் கலந்து, பரிசோதனை என்று சொல்லி வாசிப்பார்கள். நன்றாகவே இருக்கும். அவர்களுக்கு ஒரு விதி உண்டு. ஒருவர் தனியாக வாசிக்கும்போது, அவராகத் தலையசைக்கும்வரை யாரும் நிறுத்தக் கூடாது. தும்மினாலும் சரி, குச்சி உடைந்தாலும் சரி, அதையும் இசையாக எடுத்துக்கொண்டு கூடவே வாசிக்க வேண்டும். நகுல் போட்ட விதி அது.

நகுலுக்கு ஆஸ்துமா. பக்கத்து ஸ்டூலில் இன்ஹேலர் இருக்கும். கொஞ்சம் இடைவெளி கிடைத்தால் எடுத்து ‘புஸ்’ என்று ஒன்று. போன வருட லைவ் பதிவில் அந்தச் சத்தம் ஒன்பது இடத்தில் விழுந்தது. டயரில் காற்று இறங்குகிறது, ரெக்கார்டிங் ஆள் தூங்கிவிட்டாரா என்று இணையத்தில் ஒருவர் எழுதினார். நகுல் அதை எல்லார் முன்னாலும் படித்துக் காட்டினார்.

“கண்ணா, நீ மைக் வெச்சா என் பம்ப்தான்டா மெயின் ஆர்ட்டிஸ்ட்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல ஜோக்.

இந்த முறை நாலாவது உருப்படிக்கு முன்பு மைக்கைச் சரிசெய்ய மேடைக்குப் போனேன். திரும்பும்போது இன்ஹேலர் என் சட்டைப் பையில் இருந்தது. நகுல் ஸ்டூலைத் தடவிப் பார்த்தார்.

“டேய், என் பம்ப்பைப் பாத்தியோ? இங்கதானே வெச்சேன்.”

“பாக்கலியே நகுல் சார். ரெக்கார்டிங் ஓடுது, வாசிங்க.”

வாசித்தார். பதினான்காவது நிமிடத்தில் ஸ்வரம் நின்று, குழலில் வெறும் மூச்சு மட்டும் வந்தது. அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. வந்தனா அதற்கு ஏற்ற மாதிரி மெதுவாக இரண்டு மூன்று ஸ்வரங்களைச் சேர்த்துப் பிடித்தாள். பைசான் பிரஷ்ஷை எடுத்து, டிரம்மில் மூச்சோடு மூச்சாகத் தேய்த்தான். முன்வரிசையில் கண்ணை மூடி ரசித்தார்கள். நகுல் மண்டியிட்டார். தலையசைக்கவில்லை, அதனால் யாரும் நிறுத்தவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். லெவல் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அவர் சாய்ந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு நிமிடம் நாற்பது வினாடி.

“போதும் நகுல், எழுந்திரு. ஓவர் ஆக்டிங்,” என்றாள் வந்தனா. பிறகு கிட்டே போய்ப் பார்த்தாள். பைசான் ஆஸ்பத்திரிக்கு டாக்ஸி பிடித்தான். சயான் சிக்னலிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று போனில் சொன்னான்.

அந்தப் புஸ் சத்தத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் வெட்டியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் வெட்டிவிட்டால் அது லைவ் இல்லை. நடந்ததை நடந்தபடி கொடுப்பவன் நான். வேலையில் எனக்கு ஒரு நேர்மை இருக்கிறது.

வந்தனா அலறியதை மட்டும் எடுத்துவிட்டேன். அரை நிமிட வேலை.