ஓமந்தூர் சுவரில் ஒரு தாடிக்காரர்

— பாதம் ரெண்டும் நெருப்புல வச்ச மாதிரி எரியுதுக்கா. செருப்போட நடந்தா வேண்டுதல்ல சேராதுன்னு அவுத்து பையில போட்டுக்கினேன். இப்ப குதிகால்ல இந்தாப் பெரிசு கொப்புளம்.

— அதான் சொல்றேன், பெஞ்சு மேல கால நீட்டிக்கினு குந்து. திண்டிவனத்துலருந்து கூட்டேரிப்பட்டு வரைக்கும் வந்துட்டே, விழுப்புரம் எங்க ஓடிடப் போவுது. டீ ஆத்தறேன். ஆமா, ரோட்டுக்கு அந்தாண்ட அந்தச் செவுத்தையே மொறச்சிப் பாத்துக்கினு நிக்கிறாரே, அவரு உன் கூட வந்தவரா?

— எங்க வூட்டுக்காரருதான். சகாயராஜுன்னு பேரு. அத்த மவன், அதனால மாமான்னுதான் கூப்பிடுவேன். செவுத்துல படம் வரையறது அவரு தொழிலு. எவன் வரைஞ்ச செவுத்தப் பாத்தாலும் நின்னுடுவாரு, சுண்ணாம்ப சரியா சொரண்டாமயே பெயிண்டு அடிச்சிருக்கான்னு கொற சொல்றதுக்கு.

— வேண்டுதல் உன்னுதா, அவுருதா?

— வேண்டிக்கினது நானு. நடக்கறது அவரு.

— இது நல்லா இருக்குதே. நான் வேண்டிக்கினு எங்க வூட்டுக்காரர மயிலம் படி ஏறச் சொன்னா, அந்தப் படியிலயே என்னை உருட்டி வுட்டுடுவாரு. தனியா அனுப்ப மனசு வராம நீயும் கூட வந்துட்டியா?

— நடுவுல பஸ்சு ஏறிடக் கூடாதில்லக்கா.

— கெட்டிக்காரிதான். எதுக்கு வேண்டிக்கினே?

— எங்க பொண்ணு அஸ்வினிக்குப் போன ஐப்பசியில டெங்கு வந்துது. ஒம்போது வயசு. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில வச்சிருந்தோம். ரத்தத்துல பிளேட்லெட்டு கொறைஞ்சிக்கினே போவுதுன்னு காலையில ஒருத்தர் சொல்லுவாங்க, சாயந்தரம் அதவிடக் கொறைஞ்சிடுச்சின்னு இன்னொருத்தர் சொல்லுவாங்க. நான் வராந்தாவுல நின்னுக்கினு, மாதாவே, என் பொண்ணக் குடுத்துடு, என் புருசன் திண்டிவனத்துலருந்து உன் கோயிலுக்கு நடந்து வருவாரு, உன் பீடத்துக்கு முன்னால நின்னு 'நான் நம்புறேன்'னு அவரு வாயால சொல்லுவாருன்னு சொல்லிட்டேன்.

— பொழச்சிக்கிச்சா?

— பொழச்சிக்கிச்சு. இப்ப நான் ஒண்ணு சொன்னா ஒம்போது சொல்லுது.

— அப்பறம் இன்னா கண்ணு. நடந்தாச்சு. போயி நின்னு வாயத் தொறந்தாருன்னா முடிஞ்சுது.

— அங்கதான் பேஜாரு. நடக்கறத மட்டும்தான் அவருகிட்ட சொன்னேன், வாய் விசயத்தச் சொல்லல. அவுரு நம்பறவரு இல்லக்கா.

— கறுப்புச் சட்டையா?

— அதா இருந்தாத்தான் சண்ட போட்டுத் திருத்தலாமே. சாமி இல்லன்னும் சொல்ல மாட்டாரு, இருக்குதுன்னும் சொல்ல மாட்டாரு. கேட்டா 'தெரியாது'ம்பாரு. ஞாயித்துக்கெழம பூசைக்கு எங்கள வண்டியில கொண்டாந்து வாசல்ல எறக்குவாரு. முடியற வரைக்கும் வெளிய வேப்பமரத்தச் சுத்திச் சுத்தி நடப்பாரு. எல்லாம் அந்தத் தாடிக்காரரால வந்தது.

— எந்தத் தாடிக்காரரு, சாமியாரா?

— சாமியாரா ஆவறதுக்குப் படிச்சவருதானாம், பாதியிலயே வேற வழிக்குப் போயிட்டாரு. டார்வின்னு பேரு. சீமைக்காரரு. செத்து நூத்து நாப்பது வருசத்துக்கு மேல ஆவுது. எங்க ஊரு ஓமந்தூர்ல பள்ளிக்கூடத்துச் செவுத்துல விஞ்ஞானிங்க படம் வரையச் சொன்னாங்க. எங்க மாமா இவரத்தான் மொதல்ல வரைஞ்சாரு. தாடி நல்லா வந்துடுச்சி. யாரு மொகத்த வரைஞ்சாலும் அவங்களப் பத்தித் தெரிஞ்சிக்காம படத்துக்குக் கண்ணத் தொறக்க மாட்டாரு. வாத்தியாருகிட்ட ஒரு புக்கு வாங்கினாந்து படிச்சாரு, அவ்ளோதான்.

— செவுத்துல தாடி வச்சி வரைஞ்சா நம்ம சனங்க சும்மா வுட மாட்டாங்களே.

— வுடல. பஸ்சுக்கு நிக்கற பொம்பளைங்க யாரோ சித்தருன்னு நெனச்சிக்கினு நெத்தியில குங்குமம் வச்சிட்டாங்க. எங்க ஆளுங்க சூசையப்பருன்னு மெழுகுவத்தி ஏத்தனாங்க. எங்க மாமா வாரா வாரம் துணி எடுத்துக்கினு போயி குங்குமத்தத் தொடச்சிட்டு வருவாரு. ரெண்டு நாள்ல திரும்பி சாமியாயிடுவாரு.

— மல்லாட்டை அவிச்சது இருக்குது, ஓட்ட ஒடச்சித் தின்னுக்கினே சொல்லு. அந்த சீமைக்காரரு பொண்டாட்டி வுட்டுட்டாளா, இல்ல உன்ன மாதிரி இழுத்துக்கினு போனாளா?

— அந்தம்மாவத்தான் எனக்குப் புடிக்கும். நல்ல பக்தி. எங்க மாமா படிச்சதும் என்கிட்ட மொதல்ல சொன்னது அந்தம்மா கதையத்தான். கல்யாணமான புதுசுல புருசனுக்கு ஒரு லெட்டர் எழுதிச்சாம்: நீ இப்பிடியே நம்பாம இருந்தா, செத்தப்பறம் நாம ரெண்டு பேரும் ஒண்ணா இருக்க முடியாமப் போயிடுமோன்னு எனக்கு பயமா இருக்குதுன்னு. அந்தாளு அதக் கிழிச்சிப் போடல. கட்டசி வரைக்கும் வச்சிருந்து, 'இதுக்கு எத்தினியோ தரம் முத்தம் குடுத்து அழுதிருக்கேன்'னு அது மேலயே எழுதி வச்சாராம்.

— முருகா. அழுதாரு, ஆனா அந்தம்மா கேட்டதச் சொல்லல.

— சொல்லல. எனக்கும் அந்த பயம்தான்க்கா. அதோட இதுவும் சேந்துக்கிச்சு. குடுத்த வாக்கக் காப்பாத்தலன்னா காய்ச்சல் திரும்பி வந்துடுமோன்னு அஸ்வினி நெத்திய டெய்லி தொட்டுத் தொட்டுப் பாக்கறேன். நீ ஒரு ஒத்தாச பண்ணு. அவரு வந்தா நீயே கேளு, கோயில்ல அந்த வார்த்தைய சொல்லச் சொல்லி.

— உன் புருசன், உன் வேண்டுதல். நீ கேளேன்.

— நான் கேக்கக் கூடாதுக்கா. அது வேற கணக்கு. அதோ ரோட்டத் தாண்டி வர்றாரு. பின்னால கொழாயில கால கழுவிக்கினு வர்றேன். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே.

— வா தம்பி, குந்து. நான் தைலம்மா, கட எனுதுதான். உன் பொண்டாட்டி பின்னால கால் கழுவறா. அவ சொன்னான்னு உன்கிட்ட சொல்ல வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்கா.

— இன்னாத்தங்க்கா சொல்ல வேணாம்னா?

— நீ நடந்து போனா மட்டும் போதாதாம். அங்க பீடத்தண்ட நின்னு 'நான் நம்புறேன்'னு உன் வாயால சொல்லணும்னும் சேத்து வேண்டிக்கினு இருக்கா.

— அடிப்பாவி. அதான் வழியெல்லாம் என் மூஞ்சியையே பாத்துக்கினு வந்தாளா? காலுன்னா குடுத்துட்டேங்க்கா, அவ எங்க நடக்கச் சொன்னாலும் நடக்கும். வாயி என்னுதாச்சே.

— தம்பி, நான் கேக்கறேன், ஒரு வார்த்தைதானே? நான் காலையிலருந்து வர்றவனுக்கெல்லாம் 'வட இப்பத்தான் போட்டது'ன்னு சொல்றேன். வாயி அழுவிப் போச்சா?

— அது வட. இது வேற. மாதா மொகத்த நான் எத்தினி கோயில்ல வரைஞ்சிருக்கேன். அந்தக் கண்ணு ரெண்டும் நான் தொறந்தது. அதுக்கு நேரா நின்னுக்கினு பொய் சொல்ல எனக்குக் கூசுதுங்க்கா.

— நம்பாதவனுக்கு இன்னாத்துக்குக் கூசணும்?

— தெரியாதுன்னுதானே சொல்றேன். ஒருவேள இருந்துட்டா?

— ஐயய்யோ, கொழப்பறானே. நீ வரைஞ்ச தாடிக்காரரு கொரங்குலருந்துதான் மனுசன் வந்தான்னு சொன்னவருதானே? இதோ இங்க மரத்து மேலருந்து எறங்கி என் பஜ்ஜியப் புடுங்கிக்கினு ஓடுது ஒண்ணு. அது எனக்குத் தாத்தாவா?

— தாத்தா இல்லங்க்கா, பங்காளி. அதுக்கும் நமக்கும் எங்கியோ பின்னால ஒரே தாத்தா. அது ஒரு கெளையில போச்சு, நாம ஒரு கெளையில வந்தோம்.

— பங்காளியா? அப்ப சரியாத்தான் இருக்குது, பங்காளிதான் புடுங்கித் தின்னுவான். சரி, அந்தாளு சாமியத் திட்டனாரா?

— ஒரு நாளும் திட்டல. நாத்திகன்னு சொன்னா ஒத்துக்க மாட்டாரு. அவரு கூட்டாளி ஒருத்தரு இந்த மாதிரி ஆளுங்களுக்கு ஒரு இங்கிலீசு பேரு வச்சாரு, எனக்கு வாயில நொழையல. நான் 'தெரியாதுக்காரன்'னு வச்சிக்கினேன். ஊரு சாமியாரும் இவரும் நல்ல சிநேகிதம். கோயில்ல ஏழைங்களுக்குச் செய்யற ஒத்தாசையிலெல்லாம் இவரு கை இருந்துது. ஆனா பத்து வயசுப் பொண்ணு ஒண்ணு காய்ச்சல்ல செத்துப்போச்சு. அவரு மடியில தூக்கி வளத்த பொண்ணு. அதுக்கப்பறம் பொண்டாட்டி புள்ளைங்க கோயிலுக்குள்ள போனா, இவரு வெளிய நடந்துக்கினு இருப்பாரு.

— சாவும்போதாவது சாமின்னு சொல்லியிருப்பாரே?

— சொன்னாருன்னு பின்னால யாரோ கத கட்டி வுட்டாங்க. கூட இருந்த பொண்ணே அப்பிடி இல்லன்னு சொல்லிடுச்சு. ஆனா ஒண்ணு, அவரப் பொதைச்சது அவங்க ராசாங்களப் பொதைக்கற பெரிய கோயிலுக்குள்ள.

— பாத்தியா? உயிரோட வாசல்ல நின்னவன செத்தப்பறம் உள்ள இழுத்துட்டாங்க. உன்னையும் இழுக்காம வுட மாட்டாங்க, இப்பவே போயிடேன். தம்பி, வெளையாட்டு வேணாம். அவ அந்தப் பொண்ணு நெத்திய டெய்லி தொட்டுத் தொட்டுப் பாக்கறாளாம். காய்ச்சல் திரும்பிடும்னு பயம்.

— இன்னும் பாக்கறாளா? என்கிட்ட சொல்லவே இல்லியே.

— உன்கிட்ட கேக்கவே கூடாதாம். ஏன்னு கேட்டா வேற கணக்குன்றா. இதோ நொண்டிக்கினு வர்றா. நான் அடுப்பப் பாக்கறேன், நீங்களாச்சு உங்க சாமியாச்சு.

— மலரு, இப்பிடிக் குந்து. கால காட்டு. ஏன் செருப்ப அவுத்தே? நடக்கறது நான்தானே.

— உனக்கு நம்பிக்க பத்தாதுன்னு என்னுது கொஞ்சம் சேத்தேன் மாமா. அக்கா இன்னா சொன்னாங்க?

— நீ சொல்ல வேணாம்னதெல்லாம் சொன்னாங்க.

— சேசுவே. கோவமா?

— இல்ல. கொப்புளம் ஒடைஞ்சிருக்குது, துணி கட்டறேன், ஆட்டாதே. மலரு, நான் சொல்லிடறேன்.

— இன்னான்னு?

— நீ வேண்டிக்கினதத்தான். பீடத்தண்ட போயி நிக்கறேன், 'நான் நம்புறேன்'னு சொல்றேன், வந்துடறேன். நீ பொண்ணு நெத்தியத் தொட்டுப் பாக்கறத வுட்டுட்டு தூங்கு. அந்தத் தாடிக்காரரு பொண்டாட்டிக்கு லெட்டர் மேல அழுதாரு. எனக்கு அழுகையெல்லாம் வராது, சொல்லிட்டுப் போறேன்.

— நம்பியா சொல்லுவே?

— உனக்காக சொல்லுவேன்.

— அப்ப வேணாம் மாமா.

— இன்னாது?

— சொல்லாதே. நீயா சொன்னா ஆச்சு. எனக்காக சொன்னா வேணாம்.

— காலையிலருந்து இத்தினி தூரம் நடக்க வச்சி, கடைக்கார அம்மாவ வுட்டு பஞ்சாயத்து பண்ணிட்டு, இப்ப வேணாமா? எந்தக் கணக்குடி இது?

— அன்னிக்கு மாதாகிட்ட வேண்டிக்கினு, பொண்ணுக்கு மாத்துத் துணி எடுக்க வூட்டுக்குப் போனேன் இல்ல? திரும்பி வர ஓமந்தூர்ல பஸ்சே வரல. உன் செவுத்துக்கு நேரா நின்னுக்கினு இருந்தேன். அவரு நீ தொறந்த கண்ணால என்னையே பாத்துக்கினு இருந்தாரு. மத்தவங்க மாதிரி சித்தருன்னு நெனச்சி இல்ல மாமா, யாருன்னு தெரிஞ்சேதான் கிட்ட போனேன். பொண்ணப் பறி குடுத்த அப்பன்னு தெரிஞ்சேதான். தாடிக்காரரே, நீயும் உன் பொண்ணு தலமாட்டுல குந்திக்கினு இருந்தவன்தானே, என் பொண்ணு பொழச்சா என் புருசன் 'தெரியாது'ன்னு சொல்றத நான் இனிமே மாத்தச் சொல்லிக் கேக்க மாட்டேன்னு அவருகிட்ட சொல்லிட்டேன்.

— டார்வின்கிட்டயா வேண்டிக்கினே?

— குங்குமம் கூட வச்சேன். அடுத்த வாரம் நீ தொடச்சிட்டே.

— அது நீதானா?

— அன்னிக்கு சாயந்தரமே பிளேட்லெட்டு ஏற ஆரம்பிச்சுது. மாதாவா, தாடிக்காரரா, குளுக்கோசு ஏத்தன டாக்டரம்மாவா, யாரு பண்ணதுன்னு எனக்குத் தெரியாது.

— இப்ப இன்னா சொன்னே?

— தெரியாதுன்னேன். சிரிக்காதே. நீயா உள்ள போயி சொல்லிட்டா ரெண்டு பேரு கடனும் தீந்துடும்னு பாத்தேன். எனக்காக நீ சொன்னா மாதாவுக்கு அது பொய்யி, அவருக்கு நான் வாக்கு மாறினவ. ரெண்டும் கெட்டுப்போவும்.

— அப்ப நான் இன்னா பண்ணணும்ன்றே?

— செருப்ப எடுத்து என் கால்ல மாட்டி வுடு. விழுப்புரம் வரைக்கும் நட. நான் உள்ள போறேன், நீ எப்பவும் போல வெளிய சுத்திக்கினு இரு. உன்னச் சொல்ல வேணாம்னதுல தாடிக்காரருக்குக் குடுக்க வேண்டியத இப்ப இந்த பெஞ்சு மேல குந்திக்கினே குடுத்துட்டேன். உன் வாயிலருந்து வர வேண்டிய அந்த ஒரு வார்த்தைய மட்டும் மாதாவுக்கு நான் இன்னும் பாக்கி.