குறைத்துச் சொன்ன மின்சாரம்

அவையை அழகுற நடத்தும் தலைவர் அவர்களே, அனுபவத்தில் பழுத்த ஆன்றோர்களே, அன்பே உருவான தாய்மார்களே, நாற்காலியைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்கின்ற வாலிபத் தம்பிகளே, நம் பகுதியின் புதிய பேட்டரி நிலையம் திறக்கும் இந்நாளில் உங்களுக்கு நன்றி சொல்லவே வந்து நிற்கிறேன்.

கூரையில் விழும் வெயிலைச் சேர்த்து நமக்கு நாமே மின்சாரம் செய்துகொள்ளலாம் என்றோம். திட்டம் போடப் பொறியாளர் தங்கை வந்தார். வீடு வீடாக ஏறி, "என்னென்ன ஓடுது? மழை நாள்ல எது நின்னா தாங்காது?" என்று கேட்டார். நாம் என்ன சொன்னோம்? கட்டணம் கூடிவிடுமோ என்று பயந்து பாதியைத்தான் சொன்னோம். தையற்கடை அண்ணன், "எனக்கு ஒரு பல்புதாங்க, மத்ததெல்லாம் கால்லயே மிதிக்கிறேன்" என்றார். ஏன் அண்ணே தலையைக் குனிகிறீர்கள், ஊரே அப்படித்தான் சொன்னது. என் வீட்டில் மட்டும் மறைக்க வழியில்லை. என் மனைவியின் மூச்சுக்கருவி போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

சொன்ன அளவுக்குத் தங்கை பேட்டரி வைத்தார். வெயில் இருந்தவரை வேடம் கலையவில்லை. வந்தது அடைமழை. வானம் மூடியது, பேட்டரி வடிந்தது. நண்பகலில் தங்கை நம்மை ஐஸ்கிரீம் கடையில் கூட்டினார். "இப்படியே போனா சாயங்காலத்துக்குள்ள தீந்துடும். அக்காவோட மெஷின் நின்னுடும். ஆஸ்பத்திரி ரோடெல்லாம் தண்ணி. இப்பவாவது உள்ளதைச் சொல்லுங்க" என்றார்.

யார் முதலில் வாய் திறப்பது? யார் முதலில் வெட்கத்தை விடுவது? ஐஸ்கிரீம் கடை மாமா எழுந்தார். "ஒண்ணுன்னு சொன்னேம்மா. பின்னாடி இன்னும் ரெண்டு ஃப்ரீசர் ஓடுது. முதல்ல அதை நிறுத்து." நிறுத்தினால் சரக்கெல்லாம் உருகும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே நிறுத்தினார். பிறகென்ன, மடை திறந்தது. "எங்க வீட்ல ஏசி." "எனக்கு மோட்டார்." தையற்கடை அண்ணன் வாயிலிருந்தோ இஸ்திரிப்பெட்டி வந்தது, மோட்டார் வைத்த தையல் மெஷினும் வந்தது. ஒவ்வொன்றாக அணைத்தார்கள். தங்கை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, "மழை விடுற வரைக்கும் மெஷின் ஓடும்ணா" என்றார். நான் அந்தக் கடையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அன்று நீங்கள் சொன்ன உண்மையை வைத்துத்தான் இந்தப் பெரிய பேட்டரி அமைந்திருக்கிறது. வெயில் எல்லா ஊர்க் கூரையிலும் விழும். ஆனால் குட்டு வெளிப்பட்டாலும் பரவாயில்லை, ஓர் உயிர் பிழைக்கட்டும் என்று எழுந்த மக்கள் எனக்கு வாய்த்தார்கள். அதற்கு நான் என்ன தவம் செய்தேன்?

இதோ, முன்வரிசையில் என் மனைவி கையாட்டுகிறாள். என்னம்மா? "போதும், இறங்குங்க, எல்லாருக்கும் பசிக்குது" என்கிறாள். கேட்டீர்களா? என்னை அதட்டும் அளவுக்கு அவளுக்கு மூச்சு இருக்கிறது. உங்கள் விளக்கை அணைத்து அவள் மூச்சைக் காத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் என் உயிருள்ளவரை நன்றி. வணக்கம், இறங்கிவிடுகிறேன்.